வேட்பாளரின் பொருளாதாரத் திட்டத்தில் சரக்கு இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். தேர்தல் வந்துவிட்டால் வரிப் படிவம் நிரப்ப வருபவர்கள்கூட, படிவத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணை, இவர் சொல்லுறது சரிவருமோ?" என்று தொடங்குவார்கள். நான் பொருளியல் படித்தவன் அல்ல. ஆனால் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று முப்பது ஆண்டாகக் கோடு போட்டு வருகிறேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஒரு தேர்தல் விஞ்ஞாபனத்தைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

எண்களை. படங்களையும் முன்னுரையையும் தாண்டிப் போய், எங்கெல்லாம் ரூபாய்க் கணக்கு இருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் கொடுக்கிற பக்கத்தில் எண் இருக்கும்: இவ்வளவு சம்பள உயர்வு, இவ்வளவு வரிக்குறைப்பு, இத்தனை ஆயிரம் வேலை. எடுக்கிற பக்கத்தில் "வினைத்திறனான முகாமைத்துவத்தின் மூலம்" என்று ஒரு வரி மட்டும் கிடக்கும். அந்தச் சொல்லைக் கண்டால் பென்சிலால் வட்டமிட்டு விடுங்கள். என் தொழிலில் யாராவது இப்படி ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்பி விடுவேன்.

எந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டாலும் 2019 ஐ இழுக்கிறீர்களே, ஏன்?

அதைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்காது என்பதால்தான். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ "சுபீட்சத்தின் நோக்கு" என்ற விஞ்ஞாபனத்தோடு வந்தார். வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்குவது, சம்பளத்தில் பிடிக்கிற வரியை எடுத்துவிடுவது என்று அதில் பெரிய வரிக்குறைப்பு இருந்தது. வென்றார். இரண்டு கிழமைக்குள் செய்தும் காட்டினார். டிசம்பர் 1 இலிருந்து வற் 8 வீதம். அதுவரை ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாய் இருந்தாலே வற் பதிவு வேண்டும். அந்த எல்லை 300 மில்லியனுக்கு ஏறியது. என்.பி.ரி எனும் நாட்டைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு போனது. ஆண்டுக்கு 30 இலட்சம் வரை உழைப்பவருக்கு வருமான வரி இல்லை என்றானது.

வாக்குறுதியைக் காற்றில் பறக்கவிட்டார் என்று அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தார். இரண்டரை ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது.

அதை வாக்களிக்க முன்பே நம்மால் கணக்குப் பார்த்திருக்க முடியுமா?

முடியும். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும்.

2018 இல் வற் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 460 பில்லியன் ரூபாய். அப்போது வரி 15 வீதம். ஆகவே ஒவ்வொரு வீதத்துக்கும் ஏறத்தாழ 30 பில்லியன். ஏழு வீதத்தைக் குறைத்தால் 210 பில்லியன் இல்லாமற் போகும். அந்தக் காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவிக்கு ஆண்டுக்குப் போனது 40 பில்லியன் அளவு. ஐந்து ஆண்டுச் சமுர்த்திக் காசு ஒரே வருடத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நடந்ததைப் பாருங்கள். 2019 இல் வற் வருமானம் 444 பில்லியன். 2020 இல் 234 பில்லியன். வித்தியாசம் 210. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் தற்செயலும் உண்டு; கொவிட்டும் பதிவு எல்லையை ஏற்றியதும் சேர்ந்துதான் இந்தத் தொகை. ஆனால் பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தால் ஆபத்தின் அளவு தெரிந்திருக்கும். அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, இந்த வரிக்குறைப்பு நடந்தால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். எதிர்க்கட்சியைப் பற்றி ஆளும் கட்சி அமைச்சர் வேறு எப்படிக் கதைப்பார் என்று நானும் நினைத்தேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சொன்னவர் யார் என்று பார்த்தேனே தவிர, சொன்ன கணக்கைப் பார்க்கவில்லை.

வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், பெருகினால் வரியும் கூடும் என்கிறார்களே?

சில இடங்களில், சில வரிகளில் நடக்கலாம். ஆனால் எவ்வளவு பெருக வேண்டும் என்று கேளுங்கள். 15 வீதத்தில் வந்த அதே காசு 8 வீதத்தில் வர வேண்டுமானால், வரிக்குட்பட்ட வியாபாரம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். சரியாகச் சொன்னால் 1.9 மடங்கு. ஆண்டுக்கு 5 வீதம் விடாமல் வளர்ந்தாலும் அதற்குப் பதின்மூன்று ஆண்டு பிடிக்கும். அதுவரைக்கும் ஆசிரியருக்கும் தாதிக்கும் எந்தக் காசில் சம்பளம்?

விலை குறையும், சனம் கூட வாங்கும் என்றும் சொன்னார்கள். நான் கணக்கு எழுதும் ஹாட்வெயார் கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் மாதப் பில்லில் ஒரு தண்ணீர்க் குழாய் 1,000 ரூபாய், கீழே வற் 150, மொத்தம் 1,150. பதிவு எல்லை ஏறியதால் ஜனவரியில் அந்தக் கடை வற்றிலிருந்தே விடுபட்டது. புதுப் பில்லில் வற் என்ற வரி இல்லை. மொத்தம் மட்டும் அதே 1,150. முதலாளியிடம் கேட்டேன். "பழைய ஸ்டொக், தம்பி" என்றார். மாசி பிறந்தது, புது ஸ்டொக்கும் வந்தது, விலை இறங்கவில்லை. கொள்வனவில் கட்டிய வற்றை இனிக் கழிக்க முடியாது என்ற நியாயம் அவரிடம் கொஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரசு விட்டுக்கொடுத்த காசு வாடிக்கையாளர் கைக்கு வரவில்லை. அதையும் ஒரு கேள்வியாகக் குறித்து வையுங்கள்: குறைக்கிற வரி யார் சட்டைப்பையில் போய் நிற்கும்?

எல்லாம் கொவிட்டால் வந்ததுதானே?

கொவிட்டும் காரணம்தான். சுற்றுலா படுத்தது, வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் காசு பிறகு தடுமாறியது. ஆனால் வரிக்குறைப்பு டிசம்பரில். ஊரடங்கு வந்தது அடுத்த மார்ச்சில். மொத்த வரி வருமானம் 2019 இல் நாட்டு உற்பத்தியில் 11.6 வீதம், 2020 இல் 8.1. நல்ல காலத்தை மட்டும் நம்பிப் போட்ட திட்டத்தில் முதல் புயலுக்கே கூரை போய்விட்டது. நிலைமை மாறியதைப் பார்த்ததும் வரியைத் திருப்பியிருக்கலாம். 2022 வரை தொடவில்லை. அதற்குள் கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டைக் கீழே தள்ளிவிட்டன. சர்வதேசச் சந்தையில் புதுக் கடன் எடுக்கும் வழி அடைபட்டது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 ஜூனில் வற் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. குறைப்பதாகச் சொன்ன வரி, புறப்பட்ட இடத்தையும் தாண்டி மூன்று படி மேலே போய் நின்றது.

அப்படியானால் சொன்னதைச் செய்பவரை எப்படி மதிப்பிடுவது?

"சொன்னதைச் செய்வாரா?" என்பது மனிதரைப் பற்றிய கேள்வி. "செய்தால் என்ன ஆகும்?" என்பது திட்டத்தைப் பற்றிய கேள்வி. நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டவர்கள் பொறுப்பு, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அவர்கள் ஆட்சியின் முதல் பெரிய வேலையோ, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதுதான்.

காசு எங்கிருந்து வரும் என்று கேட்டால் "ஊழலை நிறுத்துவோம், வீண்செலவைக் குறைப்போம்" என்கிறார்கள். அது பதிலாகுமா?

ஊழல் ஒழிய வேண்டும், அதில் இரண்டு கதை இல்லை. ஆனால் அளவைப் பாருங்கள். 2023 இல் அரசின் மொத்த வருமானம் ஏறத்தாழ 3,050 பில்லியன் ரூபாய். அதே ஆண்டு கடனுக்கு வட்டி மட்டும் 2,450 பில்லியன் சொச்சம். அரச ஊழியர் சம்பளம் 900 பில்லியனுக்கு மேல். கூட்டிப் பாருங்கள்: வட்டியும் சம்பளமும் கொடுத்த இடத்திலேயே வருமானம் தீர்ந்து, பற்றாக்குறை தொடங்கிவிடுகிறது. மருந்து, பாடப்புத்தகம், ஓய்வூதியம், வீதி எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

அமைச்சரின் வாகனத்தையும் பாராளுமன்றச் சாப்பாட்டையும் நிறுத்தினால் மனதுக்குத் திருப்தியாக இருக்கும். இந்த எண்களுக்குப் பக்கத்தில் அது தெரியவே தெரியாது. களவெடுத்த காசை மீட்பதும் அப்படித்தான். வழக்கு நடந்து, வெளிநாட்டு வங்கி ஒத்துழைத்து, தீர்ப்பு வந்து கைக்கு எட்டும்வரை அதை வருமானமாக எழுத முடியாது. என்னிடம் வரும் கடைக்காரர் யாரும் வராக்கடனைக் காட்டி மகளுக்குச் சீதனம் பேசுவதில்லை.

தேவையென்றால் அரசு காசு அச்சடித்துக் கொள்ளலாம்தானே?

அச்சடித்தார்கள். 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதில் டொலர்த் தட்டுப்பாட்டோடு அதற்கும் பங்கு உண்டு. இப்போது 2023 ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அந்த வழியை அடைத்திருக்கிறது. அரசுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க மத்திய வங்கிக்குத் தடை. ஆகவே ஒரு வேட்பாளர் வரியையும் ஏற்றாமல், செலவையும் குறைக்காமல் கொடுப்பேன் என்றால், அந்தச் சட்டத்தை என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள்.

சர்வதேச நாணய நிதியத்தோடு ஒப்பந்தம் இருக்கும்போது எந்த வேட்பாளர் வந்தால் என்ன?

முழுவதும் உண்மையில்லை, முழுவதும் பொய்யுமில்லை. 2023 மார்ச்சில் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம் ஒப்புதலானது. வட்டியை நீக்கிப் பார்த்தால் வருமானம் செலவைவிட நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் கூட இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான இலக்கு. எந்த வரியால் அந்த மிகையை எட்டுவது, சாப்பாட்டில் வற் போடுவதா, பெரிய வீட்டில் போடுவதா என்பதில் ஆட்சியாளருக்கு இடம் இருக்கிறது. சரக்குள்ள வேட்பாளர் அந்த இடத்துக்குள் நின்று கதைப்பார். "ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவேன்" என்பவரிடம் அடுத்த நாள் எரிபொருள் கப்பலுக்கு டொலர் எங்கே என்று கேளுங்கள். 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

பெரிய பேராசிரியர்கள், நிபுணர்கள் அவரோடு நிற்கிறார்கள். போதாதா?

போதாது. 2019 இல் வியத்மக என்று நிபுணர் கூட்டமே நின்றது.

நல்ல நோக்கமுள்ள திட்டம் எப்படிக் கெட்டுப் போகிறது?

நாட்காட்டியில். இதற்கும் அதே 2019 விஞ்ஞாபனம்தான் உதாரணம். பத்து ஆண்டில் சேதனப் பசளைக்கு (இயற்கை உரத்துக்கு) மாறுவோம் என்று அதில் இருந்தது. பத்து ஆண்டு என்றால் யோசிக்கலாம்: மண்ணைப் பழக்கலாம், கூட்டெரு உற்பத்தி செய்யலாம், ஒவ்வொரு மாவட்டமாகப் பார்க்கலாம். அதே விஞ்ஞாபனம் விவசாயிக்கு இலவசமாகப் பசளை கொடுப்பதாகவும் சொன்னது என்பதை மறக்க வேண்டாம். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் நின்றது. அதற்குச் சூழல் அக்கறை ஒரு காரணம் என்றால், டொலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்யும் என் மைத்துனர், அந்தக் காலபோகத்தில் (பெரும்போகத்தில்) பயிர் மஞ்சளித்து நின்றதைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே எழுத்து ஒன்றும் இல்லை. முந்திய பெரும்போகத்தில் நாடு முழுக்க 30 இலட்சம் தொன் நெல் விளைந்தது. அந்தப் போகத்தில் 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது.

ஆகவே திட்டத்தில் "முதல் ஆண்டு இது, மூன்றாம் ஆண்டு அது, இந்த இடத்தில் சரிவராவிட்டால் நிறுத்துவோம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே இலக்கு ஆண்டு மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

இதெல்லாம் புதுப் பழக்கமா? முந்தைய தலைவர்கள் இப்படிச் சொல்லவில்லையே?

அரிசியை வைத்து நம் நாட்டில் நடக்காத தேர்தல் குறைவு. 1952 இல் கொத்து அரிசி 25 சதம் என்று நம்பி வாக்குப் போட்டார்கள். கொரியப் போரால் ஏறியிருந்த றப்பர் விலை விழுந்ததும் 1953 இல் டட்லி சேனாநாயக்க அரசு அதை 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12 ஹர்த்தால், பிறகு டட்லியின் பதவி விலகல். 1970 இல் சிறிமாவோ அணி கிழமைக்கு இரண்டு கொத்து தருவோம், சந்திரனில் இருந்தாவது கொண்டு வருவோம் என்றது. அடுத்த சில ஆண்டில் எண்ணெய் விலையும் உலக அரிசி விலையும் ஏறி, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டு போகவே தடை வந்தது. வயதானவர்களைக் கேட்டால் பஸ்ஸில் அரிசிப் பையை ஒளித்த கதை சொல்வார்கள். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன எட்டு இறாத்தல் தானியம் என்றார். 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது.

முதல் இரண்டு முறையும் வாக்குறுதியில் இருந்தது உள்ளூர்ப் பங்கீட்டு அரிசி. அதைத் தீர்மானித்தது வெளிநாட்டுச் சந்தை. வேட்பாளர் தன் கையில் இல்லாத ஒன்றுக்கு உத்தரவாதம் தருகிறாரா என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எங்கள் தொகுதி வேட்பாளர் தொழிற்சாலையைத் திறப்பேன் என்கிறார். நம்பலாமா?

காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. இந்த மூன்றையும் தேர்தலுக்குத் தேர்தல் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. திறப்பதாகச் சொல்பவர் சுண்ணாம்புக் கல் எங்கே தோண்டுவார் என்று சொல்ல வேண்டும். குடாநாட்டில் நாம் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் அதே சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் நிற்கிறது. இயந்திரத்துக்கு முதல் போடுவது யார், மின்சாரக் கட்டணத்தோடு விலை கட்டுமா என்பது அப்புறம்.

அரசியலமைப்பின் 152 ஆம் உறுப்புரையையும் தெரிந்து வையுங்கள். அரச நிதியைச் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சரவை அங்கீகாரத்தோடு ஓர் அமைச்சர்தான் கொண்டு வர முடியும். எதிர்வரிசை உறுப்பினர் கத்தலாம், அழுத்தம் கொடுக்கலாம், கேள்வி கேட்கலாம். காசை ஒதுக்க முடியாது. "அமைச்சரோடு கதைத்து முயற்சிப்பேன்" என்று சொல்பவர் உண்மை பேசுகிறார்.

வேலைவாய்ப்பு வாக்குறுதி?

அரச வேலையா தனியார் வேலையா என்று பிரித்துக் கேளுங்கள். அரச வேலை என்றால் சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்து முப்பது நாற்பது ஆண்டுச் செலவு. 2020 இல் ஒரு இலட்சம் பேருக்கு அரச வேலை என்று தொடங்கினார்கள், அதற்கு மேலாகப் பட்டதாரிகளையும் எடுத்தார்கள். வரியைக் குறைத்த அதே அரசுதான்.

எண்களை எங்கே பார்ப்பது? விஞ்ஞாபனத்திலேயே இல்லையே?

மத்திய வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் பொருளாதார அறிக்கைகளில் வரி வகை வகையாக இருக்கும், தமிழிலும் கிடைக்கும். நிதியமைச்சின் அறிக்கைகளும் உண்டு. 2003 ஆம் ஆண்டு நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், தேர்தலுக்கு முன் நாட்டின் நிதி நிலை பற்றிய அறிக்கையைத் திறைசேரி வெளியிட வேண்டும் என்றது. அப்படி ஓர் அறிக்கை இருப்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 2024 ஆம் ஆண்டு வந்த அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கிய செலவு நாட்டு உற்பத்தியில் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. புதுச் செலவு சொல்லும் எவரும் இந்தப் பானைக்குள்தான் அரிசி போட வேண்டும்.

கூட்டத்தில் ஒரேயொரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

"உங்கள் திட்டத்தால் யாருக்கு நட்டம்?"

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வந்த நான்கைந்து வேட்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். அநேகமானவர்கள் "ஒருவருக்கும் நட்டமில்லை" என்றார்கள். ஒரே ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாடகை வருமானம் உள்ளவர்களுக்கு வரி கூடும். இந்த மண்டபத்திலும் அப்படிப் பத்துப் பேராவது இருப்பீர்கள். வாகனம் எடுக்கக் காத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும்" என்றார். கூட்டம் கைதட்டவில்லை. தேநீர் குடிக்க எழும்பிப் போய்விட்டார்கள். அவருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று பிறகு பட்டியலில் தேடிப் பார்த்தேன், சொல்லும்படி இல்லை.